செயின் செட்டும் ரிப் துணியும்

பல்லடம் நால்ரோட்டில், ஒரு தனியார் பஸ்ஸுக்கும் கறிக்கோழி ஏற்றிய வண்டிக்கும் நடுவில், என் மோட்டார் சைக்கிளின் செயின் கழன்று விழுந்தது. பின்னால் என் மனைவி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். கூண்டுக்குள் இருந்த கோழிகள் மட்டும் எங்களை அனுதாபத்தோடு பார்த்தன. அவை போய்ச் சேரவிருந்த இடத்தை நினைத்தால் அது பெரிய மனசுதான்.

வண்டியை ஒரு பேக்கரி ஓரம் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போனோம். அந்த ஆட்டோவில் எங்களுக்கு முன்பே ஒரு சாம்பார்த் தூக்கு ஏறி உட்கார்ந்திருந்தது. திருப்பத்தில் அது என் மனைவியின் மடியில் கொஞ்சம் சாய்ந்தது. சாயங்காலம், சேலையை ஊறப்போட்டுவிட்டு வந்து, நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொருக்கா இந்த வண்டி என்னைய நடுரோட்டுல எறக்கி உட்டுச்சுன்னா, சோமனூர்த் தம்பிகிட்ட குடுத்துருவனுங்க. அவனும் கேட்டுக்கிட்டேதான் இருக்கறான்."

தம்பி என்றால் அவள் உடன்பிறந்த தம்பி. சோமனூரில் விசைத்தறிக் குடோன் வைத்திருக்கிறான். நூல் கோன் மூட்டை ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஏக்கம். பொங்கலுக்கு வந்தபோதே என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பொறத்தால சீட்டக் கழட்டிப்போட்டுக் கேரியர் வெச்சா ரெண்டு மூட்டை நிக்குமுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்து அளந்தும் கொண்டான். உயிரோடு இருக்கிறவனுக்குச் சவப்பெட்டி அளவு எடுப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

இந்த வண்டி போனால் எனக்கு என்ன மிச்சம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்பூர்க் காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டுக்குப் போவேன். கடை வாசலில் குவித்திருக்கும் பனியன்களில் ஒன்றை எடுத்து, தையலை இழுத்துப் பார்த்து, ஒரு குற்றமாவது கண்டுபிடித்துவிட்டு டீ குடித்துத் திரும்புவேன். கடைக்காரர்கள் முதலில் பகைத்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள். இப்போது ஒருவர் எனக்கென்றே நாலு மோசமான பீஸ்களை மேலே எடுத்து வைக்கிறார். அந்த ஒரு மணி நேரம்தான் நான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி. பெங்களூரில் இருக்கும் மகன், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றின் படத்தை அனுப்பி, "லைசென்ஸே வேண்டாம்ப்பா" என்று எழுதியிருந்தான். லைசென்ஸ் வேண்டாத வாகனம் என்றால் சக்கர நாற்காலியும் இருக்கிறது என்று பதில் எழுதினேன்.

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருந்தது. அன்றைக்குச் சோமனூர் முருகன் கோயிலில் மனைவியின் பிறந்த வீட்டார் அன்னதானம் போடுவார்கள். வீட்டுக்கு மூத்த பெண் வந்து முதல் கரண்டி சோற்றைப் பரிமாறினால்தான் பந்தி தொடங்கும். பன்னிரண்டு மணிக்குள் அவள் அங்கே இருக்க வேண்டும். அதற்குள் வண்டி தேற வேண்டும்.

அடுத்த தெருவில் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நெல்லைப் பக்கத்திலிருந்து இளவயதில் பிழைக்க வந்து, எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தவர். ஒருமுறை அவர் தைத்த ஒரு லாட்டு முழுவதையும், கைக்குழித் தையல் சுருங்கியிருக்கிறது என்று பிரித்துத் தைக்கச் சொன்னேன். பிரித்துத் தைத்தார். மறுவாரம் வேலையை விட்டுவிட்டு மெக்கானிக் ஆகிவிட்டார். "சாராலதான் நான் நல்லா இருக்கேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அது நன்றிதானா என்பது எனக்கு இன்றுவரை உறுதியில்லை.

செயினைப் பார்த்துவிட்டு, "ஒரு லிங்க்க வெட்டி எடுத்துட்டா போதும் சார். ஆறு மாசம் கிடந்து ஓடும்" என்றார்.

"பல்லைப் பாத்தீங்களா? அருவா மூக்கு மாதிரி வளஞ்சு கெடக்குது. ஸ்பிராக்கெட்டு ரெண்டும், செயினும், மூணையும் ஒண்ணா மாத்தோணும்."

"யாரு சொன்னா?"

"வண்டியோட குடுத்த புஸ்தகத்துல போட்டிருக்குதுங்க."

"புஸ்தகம் எழுதினவன் வந்து மாட்டித் தருவானா? என்கிட்ட பத்து வண்டி நிக்கி சார். கிருத்திகை கழிச்சு வாங்க, பாப்போம்."

அவரிடம் இருந்தது அனுபவம், என்னிடம் இருந்தது புத்தகம். ஆனால் இந்த விஷயத்தில் புத்தகம்தான் சரி. செயினும் அது சுற்றி ஓடுகிற பல்சக்கரமும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒன்றின் தேய்மானத்துக்கு ஏற்றபடி மற்றது தேய்ந்து, இரண்டும் சத்தம் போட்டுக்கொண்டே எப்படியோ ஓடும். ஒன்றை மட்டும் புதிதாக மாற்றினால், பழையது புதியதையும் சீக்கிரம் தன்னைப் போலவே ஆக்கிவிடும். மூன்றும் சேர்ந்த செயின் செட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நானே மாற்றுவது என்று முடிவு.

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி நிறுத்துமிடத்தில் நடு ஸ்டாண்டு போட்டு, தரையில், கம்பெனியில் துணி வெட்டும்போது அடியில் போடுகிற பேப்பரை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, பக்கத்தில் எண்ணும் எழுதினேன். மனைவி படியில் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது, சீர்த்தட்டு வரிசையா?"

"கழட்டுன வரிசையிலயே திருப்பி மாட்டோணும். இதுக்குப் பேரு முறை."

"பொண்ணு ஊட்டுக்காரங்களக் காணோமுங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செயினின் இரண்டு முனைகளையும் சேர்ப்பது ஒரு பூட்டு லிங்க். அதன்மேல் நகத்தளவு ஒரு ஸ்பிரிங் கிளிப் இருக்கும். குறட்டால் அதை நெம்பினேன். டிக் என்று ஒரு சத்தம், கிளிப்பைக் காணோம்.

பனியன் கம்பெனியில் ஒரு விதி உண்டு. தையல் மெஷினில் ஊசி உடைந்தால், அதன் எல்லாத் துண்டுகளும் கிடைக்கும்வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. துண்டுகளைக் காந்தம் போட்டுத் தேடி, சேர்த்து வைத்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப்பால் ஒட்டிக் கையெழுத்திட வேண்டும். ஏதோ ஒரு தேசத்துக் குழந்தையின் முதுகில் அந்தத் துண்டு குத்திவிடக் கூடாதே என்பதற்காக. இந்த விதியை முப்பது வருஷம் நான் காவல் காத்திருக்கிறேன். ஆகவே வேலையை நிறுத்தினேன். முட்டி போட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், துளசிமாடத்துக்குப் பின்னால், செருப்பு அலமாரிக்குள், மேலே, கீழே என்று நாற்பது நிமிடம் தேடினேன். கடைசியில் சோற்றுக்கற்றாழைத் தொட்டியில் கிடைத்தது. வென்றவன் குரலில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் அதையும் பார்த்தாள், கீழே இருந்த பொட்டலத்தையும் பார்த்தாள். "புதுச் செயினோட ஒண்ணு குடுத்திருக்கறாங்களேங்க. இது எதுக்குங்க?"

எதற்கும் இல்லை. பழைய செயினோடு குப்பைக்குப் போக வேண்டிய கிளிப்பைத்தான் நான் தேடியிருக்கிறேன். இந்த ஊரில் என் வேலையைப் பார்த்தவர்கள் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது.

அதற்குப் பிறகு வேலை நன்றாகவே நடந்தது. பின் சக்கரத்தைக் கழற்றிப் பெரிய பல்சக்கரத்தை மாற்றினேன். இடது பக்க மூடியைத் திறந்து முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தை எடுத்தேன். அந்தக் குழியில் பதினான்கு வருடக் கிரீஸ் களிமண்ணாக அப்பிக் கிடந்தது.

திருப்பூரில் எதையும் பனியன் வேஸ்ட்டால்தான் துடைப்போம். டீக்கடை மேசை, பஸ் கண்ணாடி, டாக்டரின் ஸ்டெதாஸ்கோப், பிறந்த குழந்தை, எல்லாமே. எண்ணெய்க் கையைத் துடைக்கும் மெக்கானிக்கின் கையில் இருப்பது, வெளிநாட்டில் யாரோ கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்க்க வேண்டிய டீ ஷர்ட்டின் மீதி. எங்கள் வீட்டிலும் இரண்டு மூட்டை உண்டு. அதிலிருந்து ஒரு நீளமான கறுப்புத் துண்டை உருவினேன். பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி அது, லைக்ரா கலந்தது, ரப்பர் மாதிரி இழுபடும். மண்ணெண்ணெயில் நனைத்துக் குழிக்குள் திணித்து ஊறவிட்டு, சாப்பிடப் போனேன்.

சாப்பிட்டு வந்து, குழியில் கைக்கு எட்டிய இடத்தை இன்னொரு துண்டால் வழித்துத் துடைத்து, புதிய பல்லை மாட்டி, புதிய செயினைக் கோத்து, கிளிப்பைப் போட்டு, மூடியை மூடினேன். பேப்பரில் எழுதிய எண்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. ஒரு போல்ட்டுகூட மீதியில்லை.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். நான் தனியாகச் செய்வதாகக் கேள்விப்பட்டு வந்ததாகச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். தையல் வரிசையில் நான் எப்படி நடப்பேனோ அப்படியே நடந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்ப்பதுகூட என்னுடையதுதான். பிறகு என் பெட்டியிலிருந்த டெய்லர் சாக்கட்டியை எடுத்து, செயினில் ஒரு வட்டம் போட்டார். தள்ளி இன்னொரு வட்டம்.

"கிளிப்ப மாத்திப் போட்டு வச்சிருக்கிய. மூடுன பக்கம்லா ஓடுத திசைக்கு இருக்கணும். வாய் முன்னால இருந்தா எதுலயாவது தட்டிக் கழண்டு போவும். செயினு மிருதங்கம் மாரி இறுகி இருக்கு. ஆள் ஏறி உக்காந்தா பேரிங்கு பேசும்."

"இப்ப என்னங்க செய்யறது?"

"ரிஜக்ட் சார்."

அந்த வார்த்தையை அவர் வாயில் அவ்வளவு நேரம் ஊறவைத்துச் சொன்னார். குறட்டை அவரிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்க என்னையத்தானே பிரிச்சுத் தைக்கச் சொன்னிய? நான் வேற ஆளுகிட்டயா குடுத்தேன்?"

பிரித்துத் தைத்தேன். அதாவது கிளிப்பைத் திருப்பி மாட்டினேன். அச்சு நட்டைத் தளர்த்தி, செயின் நடுவில் ஒரு விரல் கனம் ஆடும்படி விட்டேன். அவர் ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே பார்த்தார். என் மனைவி இரண்டாவது டம்ளரும் கொண்டு வந்து கொடுத்தாள். யார் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை.

"மூடிக்கு உள்ள பாக்கவா?" என்றார் மெக்கானிக்.

"அது நான் மூடினதுங்க" என்றேன்.

அவர் டம்ளரை வைத்துவிட்டு, "பாஸ்" என்று எழுந்து போனார்.

மூன்று நாள் காதர்பேட்டைக்குப் போய் வந்தேன். சத்தமே இல்லை. கிருத்திகையன்று காலை பத்தரைக்குக் கிளம்பினோம். ஆடிக்காற்று பக்கவாட்டில் தள்ளியது. மங்கலம் தாண்டும்போது, "பாத்தியா புள்ள, செயின் சத்தம் கேக்குதா?" என்றேன்.

"உங்க சத்தந்தானுங்க கேக்குது."

சாமளாபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை. ஏறி இறங்கியதும் காலுக்கடியில் கரக் என்றது. பின் சக்கரம் இழுத்துப் பிடித்தது. வண்டி ஓரமாகச் சறுக்கி நின்றது. முருகன் மயிலில் போகிறவர். செயின் விவகாரம் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அவரைக் கூப்பிடவில்லை.

மனைவி இறங்கினாள். சேலையைத் தட்டி விட்டாள். போனை எடுத்தாள்.

"தம்பி, வண்டி நின்னுபோச்சு. சாமளாபுரத்துகிட்ட."

மறுமுனையில் அவன் குரல் எனக்கே கேட்டது. "டெம்போ அனுப்பட்டுங்களா அக்கா? வண்டியவும் அதுலயே ஏத்திறலாமுங்க." இதைவிட மகிழ்ச்சியான குரலை நான் ஒரு நல்ல காரியத்திலும் கேட்டதில்லை.

"பத்து நிமிஷம் குடு" என்றேன்.

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பதினொன்று ஐந்து. "செத்த நேரம் பொறுடா" என்று போனை வைத்தாள். "பத்துத்தானுங்க."

சீட்டுக்கு அடியிலிருந்த சாமான்களை எடுத்து மூடியைக் கழற்றினேன். உள்ளே சின்னப் பல்லையும் செயினையும் சுற்றி, கறுப்பாக, கிரீஸோடு கிரீஸாக, ரிப் துணி. ஞாயிற்றுக்கிழமை நான் ஊறப்போட்ட துண்டு. எல்லாவற்றையும் எண்ணியவன் துணியை எண்ணவில்லை. அது வேஸ்ட், வேஸ்ட்டுக்கு யார் எண் போடுவார்கள்? கறுப்புக் குழிக்குள் கறுப்புத் துணி, சாப்பிட்டு வந்த கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் மூலையில் ஒட்டிக் கிடந்தது, வேகத்தடையில் குலுங்கி நழுவியிருக்கிறது.

நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. ஒரு முழம், ஒன்றரை முழம் வந்தது. விட்டேன். திரும்ப உள்ளே போய்விட்டது. எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் ரிப் துணியின் தரச் சோதனை. அதற்கான படிவத்தைத் தயாரித்ததே நான்தான். துணி தேறிவிட்டது.

"பிளேடு இருந்தாக் குடு. அறுத்து எடுத்தர்றேன்."

"அறுக்காதீங்க" என்றாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். "அறுத்தா உள்ளாற இருக்கறது உள்ளாறயே நின்னுக்கும். தறியில உருளைல நூல் சுத்திக்கிச்சுன்னா அறுக்கவாங்க செய்வாங்க? வந்த வழியே திருப்பி ஓட்டுவாங்க. எந்திரிச்சு வண்டியப் பொறத்தால தள்ளுங்க. நான் இழுத்துக்கறேன்."

தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து பனியனைத் துணி என்றே ஒத்துக்கொள்ளாதவள். அவளைப் பொறுத்தவரை பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்யாதது துணியில்லை, வெறும் நூல் சுருக்கு. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, பின்பக்கமாகத் தள்ளினேன். அவள் குனிந்தபடியே கூட வந்து, கிணற்றிலிருந்து கயிறு சேந்துவது போலக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தாள். ஓர் அடிக்கு ஒரு சாண் வந்தது. திருப்பூரிலிருந்து சோமனூர் போக வேண்டியவர்கள் மறுபடி திருப்பூரைப் பார்த்து, பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

ஒரு பஸ் எங்களுக்காக வேகத்தைக் குறைத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க பெரியவரே, ரிவர்ஸ் கியர் வெச்ச வண்டிங்களா? எங்கீங்க கெடைக்குது?"

"நேராப் பாத்துப் போ கண்ணு, உன்ற பஸ்ஸுலயும் அந்தக் கியரு இருக்குது" என்றாள் என் மனைவி, தலையைத் தூக்காமல்.

கடைசி நுனி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அவளுக்கு முழங்கை வரை கறுப்பு. துணியைத் தன்னை அறியாமல் நூல்சிட்டம் சுற்றுவது போலக் கையில் சுற்றி வைத்திருந்தாள். பின் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன். தண்ணீராக ஓடியது.

"இது எப்படீங்க உள்ளாற போச்சு?"

காற்று கொண்டுவந்து போட்டது என்று சொல்லலாம். மெக்கானிக் மூடியைத் திறந்து பார்க்காமல் பாஸ் போட்டார் என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. மணி பதினொன்று பதினாறு ஆகியிருந்தது. கேட்ட பத்து நிமிடமும் தாண்டிவிட்டது. பொய் சொல்லவும் நேரமில்லை.

"நாந்தான் தொடைக்கறதுக்கு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

ரோட்டோரக் குழாயில் கை கழுவினாள். ஏறி உட்கார்ந்தாள். சோமனூர் வரை பின்னாலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. காது கொடுத்துக் கேட்டேன்; செயினும் பேசவில்லை.

கோயில் வாசலில் மச்சினன் நின்றான். பக்கத்தில் டெம்போ. டெம்போவில் கயிறு. வண்டி தன் காலிலேயே ஓடி வந்து நின்றதைப் பார்த்ததும் அவன் முகம் பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்திரிக்கச் சொல்லப்பட்டவன் முகம் மாதிரி ஆனது.

"என்னுங்க அக்கா, வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னீங்க?"

"வண்டி எங்கடா நின்னுச்சு? உங்க மாமா நிறுத்திப்போட்டாரு" என்றாள். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. அது அவருகிட்டயே இருக்கட்டும். ஊட்டுல ஒரு ஸ்பேனர் பொட்டி இருக்குது. நாளைக்கு வந்து அதெ எடுத்துட்டுப் போயிரு."

"ஸ்பேனர் பொட்டீல கோன் மூட்டை ஏத்த முடியாதுங்களே அக்கா."

"தறிக்கு ஆவுமுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முதல் கரண்டி விழுந்தது. அவள் முழங்கையில் கிரீஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையிலேயே மச்சினன் வந்துவிட்டான். மனைவியே பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். மூடியின் உட்பக்கம் நான் ஒட்டியிருந்த பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எடுத்துக்கொண்டான்.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனரக் காணோமுங்க மாமா."

பின் சக்கர அச்சு நட்டுக்கு உரியது அது. "எங்கியாச்சும் கெடக்கும். தேடிப் பாத்துச் சொல்றேன்" என்றேன், கனத்துத் தொங்கிய வேட்டி மடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு.